ஊர் பேர் இல்லாத டீம்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னிக்கு எழுதப் போறது நம்ம மக்கள்ல முக்கால்வாசிப் பேருக்குச் சுத்தமாப் பிடிக்காத சமாச்சாரம். பேஸ்பால். "மூணு மணி நேரம் உட்கார்ந்து கடலை தின்னுட்டு வர்றதுக்குப் பேரு விளையாட்டாடா?"ன்னு என் ரூம்மேட் மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கான். (மூணு மணி நேரம் இல்லடா. 2023ல பந்து போடுறவருக்குக் கடிகாரம் வச்சுக் கெடு விதிச்சதுல சராசரி ஆட்ட நேரம் 24 நிமிஷம் குறைஞ்சு போச்சு. சொன்னா எவன் கேட்கிறான்!) விதிமுறை எல்லாம் விளக்கி உங்களைக் கொல்லப் போறதில்லை, பயப்படாம மேல படிங்க. நான் சொல்ல வந்தது அந்த விளையாட்டுக்குப் பின்னாடி ஓடுற வியாபாரத்தைப் பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, ஒரு டீம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனதைப் பத்தி.

அமெரிக்காவுல மேஜர் லீக்ல மொத்தம் 30 டீம். எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு ஊர் பேரோ மாநிலத்துப் பேரோ இருக்கும். நியூயார்க் யாங்கீஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸ். 2025 சீசன் பட்டியல்ல ஒரே ஒரு டீம் மட்டும் மொட்டையா 'அத்லெட்டிக்ஸ்'. சாக்ரமென்டோ பக்கத்துல ஆடுறாங்க, ஆனா எங்களைச் சாக்ரமென்டோன்னு கூப்பிடாதீங்கன்னுட்டாங்க. 2028ல லாஸ் வேகாஸ் போறதாத் திட்டம், அதனால இப்போ வேகாஸ்னும் சொல்ல முடியாது. 57 வருஷம் ஓக்லாந்துன்னு இருந்த பேரை 2024 சீசனோட அழிச்சாச்சு. திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்ச புள்ளைகிட்ட ஊர் பேர் கேட்டா முழிக்குமே, அந்த மாதிரி முழிக்குது. என் டீம் அதுதாங்க.

எப்படி என் டீம் ஆச்சுன்னா, காரணம் ரொம்பச் சப்பையானது. டிக்கெட் மலிவு. படிச்சு முடிச்சு 2022ல வேலை கிடைச்சு ஃப்ரீமான்ட்ல ரூம் எடுத்தேன். அங்கிருந்து பார்ட் ரயில் ஏறினா நேரா கொலிசியம் ஸ்டேஷன். ஸ்டேஷன்ல இருந்து ஒரு நடைபாலம், அது ஸ்டேடியம் வாசல்ல கொண்டு போய் விடும். பாலத்துல ரெண்டு பக்கமும் நிலக்கடலை, தண்ணி பாட்டில், சுடச்சுட ஹாட் டாக் விக்கிற ஆளுங்க. எதிர்க்கரையில சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் கடலை ஒட்டி ஜம்முனு இருக்கும், விலையும் ஜம்முனு இருக்கும். இந்தப் பக்கம் 1966ல கட்டின கான்கிரீட் தொட்டி. சாக்கடை பொங்கிக் கால் நனைஞ்ச கதை, மாடியில பூனைக் குடித்தனம், வர்ணனையாளர் அறைக்குள்ள ஒரு பாசம் (நம்ம பெருச்சாளிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு பிராணி) புகுந்து குடியேறினதுன்னு இந்த இடத்தைப் பத்திச் சிரிக்காத ஆள் அமெரிக்காவுல கிடையாது.

ஆனா வலது கோடியில, ரைட் ஃபீல்டுல உட்கார்ந்து பார்க்கணும். மேளம் வச்சு அடிப்பாங்க. கொடி ஆட்டுவாங்க. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித் தாளம். தோத்துக்கிட்டு இருக்கிற டீமுக்கு இவ்வளவு சத்தமான்னு மொத தடவை ஆச்சரியமா இருந்துச்சு. வேலை முடிஞ்சு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் உட்கார்ந்தா, அந்த மூணு மணி நேரம் ஸ்ப்ரின்ட்டும் இல்லை, மேனேஜரும் இல்லை. வருஷத்துக்கு 162 மேட்ச், அதுல 81 சொந்த மைதானத்துல. ஒரு மேட்ச் தோத்தா குடியா முழுகிப் போகுது, நாளைக்கு இன்னொண்ணு இருக்கு. கிரிக்கெட் தோல்விக்குச் சாப்பிடாம படுத்த குடும்பத்துல இருந்து வந்தவனுக்கு இது பெரிய நிம்மதி.

அங்க தான் ஒரு பெரியவர் பழக்கமானார். துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அறுபது வயசு. சின்னப் பையனா இருந்தப்போ அவங்க அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தவர். 1972, 73, 74ன்னு டீம் வரிசையா மூணு உலகத் தொடர் ஜெயிச்ச காலம் அது. கையில ஒரு பென்சிலும் ஸ்கோர் அட்டையும் வச்சிருப்பார். ஒவ்வொரு பந்துக்கும் கட்டத்துல ஏதாவது குறிப்பார். எனக்கு இந்த ஆட்டம் புரிஞ்சதே அந்த அட்டையைப் பார்த்துத்தான். லாக் ஃபைல் படிச்சுப் பழகினவனுக்கு அது கைவந்த கலை. :-)

இப்போ வியாபாரத்துக்கு வரேன்.

நம்ம பொட்டி தட்டுற மக்களுக்கு பேஸ்பால்ல தெரிஞ்ச ஒரே விஷயம் 'மணிபால்'. 2003ல மைக்கேல் லூயிஸ் எழுதின புத்தகம், 2011ல பிராட் பிட் நடிச்ச படம். 2002ல ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலை வச்சுக்கிட்டு, 12 கோடிக்கு மேல கொட்டின யாங்கீஸுக்குச் சரிசமமா 103 மேட்ச் ஜெயிச்ச கதை. நடுவுல தொடர்ந்து 20 வெற்றி. இருபதாவது மேட்ச்ல 11-0ன்னு முன்னாடி இருந்து, 11-11 ஆகி, கடைசியில ஸ்காட் ஹேட்டபெர்க் அடிச்ச ஹோம் ரன்ல ஜெயிச்சாங்க. எங்க ஆபீஸ்ல டேட்டா டீம் ஆளுங்க எல்லாப் பிரசன்டேஷன்லயும் இதை இழுப்பாங்க. பணமில்லாதவன் மூளையால ஜெயிச்சான், அதனால எங்க டேஷ்போர்டை வாங்குங்க, அப்படின்னு முடியும்.

ஓக்லாந்து ஸ்டாண்டுல உட்கார்ந்து பார்த்தா அதே கதைக்கு இன்னொரு முகம் உண்டு. அந்த டீமுக்கு ஏன் பணமில்லை? 2005ல லூ வுல்ஃபும் ஜான் ஃபிஷரும் சேர்ந்து 18 கோடி டாலருக்கு டீமை வாங்கினாங்க. ஃபிஷர் யாரு? கேப் துணிக்கடைச் சங்கிலியை ஆரம்பிச்ச குடும்பத்து வாரிசு. அப்பளம் வித்து டீம் நடத்துற ஆள் இல்லை. 2023ல ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டுல டீமோட விலை நூறு கோடி டாலரைத் தாண்டி நின்னுச்சு. பதினெட்டை நூறுக்கு மேல ஆக்கினது எந்த ஆட்டக்காரரும் இல்லை, எந்த ஃபார்முலாவும் இல்லை. 30 இடம்தான் இருக்கு, 31வது ஆள் உள்ள வர முடியாது. அவ்வளவுதான் ரகசியம்.

இங்கிலாந்து கால்பந்துல கடைசி மூணு இடத்துல வந்தா கீழ் டிவிஷனுக்குத் தள்ளி விட்டுடுவான். முதலாளிக்கு வயித்துல புளி கரைக்கும். இங்க அப்படி எதுவும் கிடையாது. தேசிய டிவி ஒப்பந்தக் காசு 30 பங்காப் பிரியும். அதுக்கு மேல, ஒவ்வொரு டீமும் தன் உள்ளூர் வருமானத்துல 48 சதவீதத்தைப் பொதுப் பானையில போடணும், அதையும் சமமாப் பிரிச்சுக்குவாங்க. யாங்கீஸ் கொடுக்கும், சின்ன டீம் வாங்கும். நல்ல நோக்கம் தான். ஆனா வாங்குற காசை ஆட்டக்காரர் மேல போடுறதும் போடாததும் முதலாளி மனசு. தோத்தா அடுத்த வருஷம் இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கிற வரிசையில முன்னாடி இடம் வேற. தோக்குறதுக்குத் தண்டனையே இல்லாத ஒரு போட்டியை நீங்களே டிசைன் பண்ணினா, அதுல தோக்குறவன் எதுக்காகக் கஷ்டப்படணும்?

நடந்தது அதுதான். 2022 மார்ச்ல மேட் ஓல்சனை அட்லாண்டாவுக்கு அனுப்பினாங்க. அதே மாசம் மேட் சாப்மன் டொரான்டோ, கிறிஸ் பாசிட் நியூயார்க், ஏப்ரல் ஆரம்பத்துல ஷான் மனாயா சான் டியாகோ. வருஷக் கடைசியில ஷான் மர்பி. ஒரு சமையலறையில இருந்து பாத்திரத்தை ஒவ்வொண்ணா அடகுக் கடைக்கு அனுப்புற மாதிரி. 2023ல ஓல்சன் அட்லாண்டாவுக்கு 54 ஹோம் ரன் அடிச்சார். அதே வருஷம் நாங்க 112 மேட்ச் தோத்தோம். அந்த டிசம்பர்ல ஷோஹேய் ஓடானி டாட்ஜர்ஸோட 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார், வருஷத்துக்கு சராசரி 7 கோடி. 2024 சீசன் தொடங்கும்போது எங்க டீமோட மொத்தச் சம்பளப் பட்டியலே அதைவிடக் குறைவு. (அந்த 70ல 68 கோடியைப் பின்னாடி வாங்கிக்கிறேன்னு ஓடானி ஒத்திப் போட்டது தனிக் கதை. வட்டிக்கணக்குப் பிரியர்கள் யாராவது அதை வச்சு ஒரு பதிவு போடுங்கப்பா.)

ஆட்டக்காரர் கதைக்கு வந்தா எனக்கு நம்ம கதை மாதிரியே இருக்கும். ஒருத்தர் மேஜர் லீக்ல ஆறு வருஷம் சர்வீஸ் போட்டாத்தான் விருப்பப்பட்ட டீமுக்குப் போகலாம். அதுவரைக்கும் அவரை வச்சிருக்கிறவன் சொல்றதுதான். ஒரு வருஷ சர்வீஸ்னா 172 நாள். 2015ல சிகாகோ கப்ஸ் கிறிஸ் பிரையன்ட்னு ஒரு அருமையான பையனைச் சீசன் ஆரம்பத்துல கீழ் லீக்லயே உட்கார வச்சு, கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க. வருஷக் கடைசியில கணக்குப் பார்த்தா 171 நாள். ஒரே ஒரு நாள் கம்மி! அதனால இன்னும் ஒரு வருஷம் கூடுதலா அவங்க கையில. பிரையன்ட் புகார் கொடுத்தார், 2020ல தள்ளுபடி ஆச்சு. பிரையாரிட்டி தேதி, ஐ-140, விசா புல்லட்டின்னு நாள் எண்ணிக்கிட்டு இருக்கிற நம்மாளுங்ககிட்ட இந்தக் கதையைச் சொன்னா, ஆட்டம் புரியாட்டியும் அந்த 171 நல்லாப் புரியும்.

2023 ஆரம்பத்துல எங்க கம்பெனியில ஆட்குறைப்பு நடந்துச்சு. என் பக்கத்து சீட்டுல இருந்தவருக்கு விடியக்காலை ஒரு மெயில், அஞ்சு நிமிஷத்துல லேப்டாப் பூட்டிக்கிச்சு. எச்-1பிக்காரர், 60 நாள்ல இன்னொரு வேலை தேடணும். பேஸ்பால்ல ஒருத்தரைப் பட்டியல்ல இருந்து எடுத்தா, அவரை என்ன பண்றதுன்னு முடிவெடுக்க டீமுக்கு ஏழு நாள். நேத்து வரைக்கும் அவர் பேர் போட்ட சட்டையை 120 டாலருக்கு வித்திருப்பான். சம்பளத்தை ஒப்பிட்டாச் சிரிப்பு வரும், ஒத்துக்கறேன். ஆனா மேஜர் லீக் குறைந்தபட்சச் சம்பளம் 2025ல 7,60,000 டாலர்னா, அதுக்குக் கீழ இருக்கிற ஆயிரக்கணக்கான பசங்க கதை வேற. 2022 வரைக்கும் சிங்கிள்-ஏ லீக்ல ஆடுறவருக்கு வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 11,000 டாலர். மாசத்துக்கு இல்லைங்க, வருஷத்துக்கு. 2018ல நாடாளுமன்றத்துல ஒரு சட்டமே கொண்டு வந்து, இவங்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் தர வேண்டாம்னு ஆக்கி வச்சிருந்தாங்க. 2023ல சங்கம் அமைஞ்சு ஒப்பந்தம் போட்டப்புறம்தான் அது 26,200 ஆச்சு. அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

ஏன் இப்படி நடக்க விடுறாங்கன்னு தோண்டினா 1922ல போய் நிக்கும். மத்த எந்தத் தொழிலா இருந்தாலும் 30 முதலாளிங்க கூடி 'நீ இந்த ஊர்ல கடை போடாதே, நான் அந்த ஊருக்கு வரலை'ன்னு பேசி வச்சா, ஏகபோகத் தடுப்புச் சட்டம் பாயும். பேஸ்பாலுக்குப் பாயாது. 1922ல உச்ச நீதிமன்றம், மாநிலம் விட்டு மாநிலம் போய் ஆடினாலும் இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் இல்லைன்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. கேட்டா நமக்கே சிரிப்பு வரும், ஆனா அதுதான் சட்டம்.

அதை எதிர்த்து நின்ன ஆள் ஓக்லாந்துலயே வளர்ந்தவர். கர்ட் ஃப்ளட். 1969ல செயின்ட் லூயிஸ் டீம் அவரைக் கேட்காம ஃபிலடெல்பியாவுக்கு மாத்தினப்போ, நான் வாங்கி விக்கிற சொத்து இல்லைன்னு கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். போக மறுத்தார். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1972ல 5-3ன்னு தோத்தார். ஆட்ட வாழ்க்கை அதோட முடிஞ்சுது. மூணு வருஷம் கழிச்சு, 1975 டிசம்பர்ல, வேற ரெண்டு ஆட்டக்காரர்களோட வழக்குல நடுவர் தீர்ப்பு சொல்லி ஆட்டக்காரர்களுக்கு விடுதலை கிடைச்சுது. ஓடானியோட 70 கோடிக்கு விதை போட்டவர் ஃப்ளட். 1998ல அவர் பேர்லயே ஒரு சட்டம் வந்துச்சு. ஆட்டக்காரர் வேலை விஷயத்துல மட்டும் அந்த விலக்கு செல்லாதுன்னு சொன்ன அந்தச் சட்டம், டீம் ஊர் மாறுறதுல கை வைக்கலை. ஆட்டக்காரன் பிழைச்சான். ரசிகன் பேர் அதுல எங்கேயும் இல்லை.

2013ல சான் ஹோசே நகராட்சி அத்லெட்டிக்ஸை எங்க ஊருக்கு வர விடுங்கன்னு லீக் மேல வழக்குப் போட்டுச்சு. சான் ஹோசே ஜயன்ட்ஸோட எல்லைன்னு லீக் ஏற்கெனவே பட்டா போட்டுக் கொடுத்திருந்தது. 1922 தீர்ப்பைக் காட்டி 2015ல வழக்கைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. 40 மைல் தள்ளிப் போக விடாத அதே லீக், அப்புறம் 400 மைலுக்கு மேல தள்ளி லாஸ் வேகாஸ் போக விட்டுச்சு. 2023 நவம்பர்ல ஓட்டெடுப்பு, 30க்கு 30 ஆதரவு. ஒரு முதலாளி கூட எதிர்த்துக் கை தூக்கலை. ஏன் தூக்கணும்? நாளைக்கு அவனும் தன் ஊர்க்காரங்ககிட்ட, ஸ்டேடியம் கட்டித் தாறியா இல்லை கிளம்பட்டுமான்னு கேட்கணுமே.

ஓக்லாந்துகாரங்க சும்மா இருக்கலை. துறைமுகத்துல ஹோவர்ட் டெர்மினல்ங்கிற இடத்துல ஸ்டேடியமும் வீடுகளும் கடைகளுமா 1,200 கோடி டாலர் திட்டம்னு 2018ல இருந்து பேசிப் பேசி, 2023 ஏப்ரல்ல திடீர்னு லாஸ் வேகாஸ்ல நிலம் பார்த்தாச்சுன்னு அறிவிப்பு. ஜூன்ல நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரைக்கும் பொதுப் பணம் தர ஒத்துக்கிச்சு. பள்ளிக்கூடத்துக்குக் காசு இல்லைன்னு அந்த ஊர் ஆசிரியர் சங்கம் எதிர்த்துப் பார்த்தது, நடக்கலை. ஸ்டேடியம் வர்ற இடம் டிராபிகானா சூதாட்ட விடுதி இருந்த மனை. 2024 அக்டோபர்ல அதை வெடி வச்சுத் தகர்த்தாங்க. 1919ல சூதாடிகள்கிட்டக் காசு வாங்கின புகார்ல எட்டு பேரை ஆயுசுக்கும் தடை பண்ணின விளையாட்டு இது. இப்போ சூதாட்ட வீதியிலேயே மனை பார்த்திருக்கு.

2023 ஜூன் 13. கூட்டமே வர்றதில்லைன்னு தானே சொல்றீங்க, இந்தா பாருங்கன்னு ரசிகர்களே ஏற்பாடு பண்ணின நாள். புறக்கணிப்புக்கு எதிர்ப்பதமா, எல்லாரும் போய் நிரப்புறது. இலவசமாப் பச்சை டி-சர்ட், நெஞ்சுல ஒரே சொல்: 'செல்'. டீமை வித்துத் தொலைன்னு அர்த்தம். 27,759 பேர். நானும் ஒருத்தன். தொண்டை போச்சு. அதுல வேடிக்கை, சீசன்லயே மட்டமான டீம் அன்னிக்கு டாம்பா பேவை 2-1ன்னு ஜெயிச்சு வரிசையா ஏழாவது வெற்றி வாங்கிச்சு. பெரியவர் ஸ்கோர் அட்டை எழுதறதை நிறுத்திட்டு நின்னு கத்தினதை அன்னிக்குத்தான் பார்த்தேன். ரெண்டு நாள் கழிச்சுக் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட்கிட்டக் கேட்டப்போ, ஒரு ராத்திரிக்காவது சராசரிக் கூட்டம் மாதிரி வந்ததே, நல்லதுங்கிற ரீதியில நக்கலா ஒரு பதில். அதே நாள்ல நெவாடா கவர்னர் கையெழுத்தும் போட்டாச்சு.

2018 ஞாபகம் வந்துச்சு எனக்கு. காவிரிப் போராட்டத்தால சூப்பர் கிங்ஸ் மேட்ச் எல்லாம் சேப்பாக்கத்துல இருந்து புனேக்குப் போச்சே, அந்த வருஷம். ரெண்டு வருஷத் தடை முடிஞ்சு திரும்பி வந்த டீம், ஊர்ல ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டுக் கிளம்புச்சு. தனி ரயில் வச்சு மஞ்சச் சட்டையோட புனே போனாங்க நம்ம பசங்க. கோபம் இருந்துச்சு, வருத்தம் இருந்துச்சு, ஆனா பயம் இல்லை. திரும்பி வருவாங்கன்னு தெரியும், வந்தாங்க. ஐ.பி.எல்லோட எலும்புக்கூடு இதே அமெரிக்க மாடல்தான். மூடின லீக், ஊர் பேர் போட்ட டீம், தனியார் சொத்து. சென்னைங்கிற பேரை எடுத்துட்டு வேற ஊர் பேர் ஒட்டுறதை நம்ம யாரும் கற்பனை கூடப் பண்ணினதில்லை. ஓக்லாந்து பெரியவரும் அப்படித்தான் இருந்திருப்பார். இவ்வளவுக்கும் இந்த டீமே ஃபிலடெல்பியாவுல பொறந்து, 1955ல கன்சாஸ் சிட்டி போய், 1968ல ஓக்லாந்து வந்தது. நாங்க அழுத மாதிரி அங்கேயும் யாரோ ரெண்டு தடவை அழுதிருக்காங்க.

2024 செப்டம்பர் 26, கடைசி மேட்ச். டிக்கெட் எடுத்துட்டுப் பெரியவருக்குப் போன் பண்ணினேன். அவர் இங்கிலீஷ்ல சொன்னதை நம்ம பாஷையில சொல்றேன்: "நான் வரலை தம்பி. சாவு வீட்டுக்கு எவனாவது டிக்கெட் வாங்கிட்டுப் போவானா? அந்தக் காசும் அவனுக்குத்தான் போகும்." நான் போனேன். 46,889 பேர். ரிக்கி ஹென்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்து போட்டாங்க. ரெண்டு பேரும் ஓக்லாந்துல வளர்ந்தவங்க. ஹென்டர்சன் அந்த டிசம்பர்லயே போய்ச் சேர்ந்துட்டார். டெக்சஸை 3-2ன்னு ஜெயிச்சோம். மேனேஜர் மார்க் காட்சே மைக் பிடிச்சு நன்றி சொல்லி, கடைசியா ஒரு தடவை ஓக்லாந்து பேரைச் சொல்லிக் கத்த வச்சார். மைதான ஊழியர்கள் செம்மண்ணை அள்ளி அள்ளி ரசிகர்களுக்குக் கொடுத்தாங்க. ஜனங்க கப்புல, பிளாஸ்டிக் பையில, தொப்பியில வாங்கிக்கிட்டாங்க. நான் ஒரு பாப்கார்ன் டப்பாவுல வாங்கி, பாதியை அடுத்த வாரம் பெரியவர் வீட்டுல கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கி மோந்து பார்த்துட்டு, பூந்தொட்டி ஓரமா வச்சார். ஒண்ணும் சொல்லலை. காபி கொடுத்தார்.

2025 ஜூன்ல அதே கொலிசியத்துக்குத் திரும்பப் போனேன், கிரிக்கெட் பார்க்க! மேஜர் லீக் கிரிக்கெட் அந்த வருஷம் அங்கதான் ஆரம்பிச்சது. முதல் நாள் சான் பிரான்சிஸ்கோ யூனிகார்ன்ஸுக்கு ஃபின் ஆலன் 51 பந்துல 151, அதுல 19 சிக்ஸர். டெக்சஸ் சூப்பர் கிங்ஸ் மஞ்சச் சட்டைக் கூட்டமும் அங்க வந்துச்சு, விசில் வேற. என் ரூம்மேட் உட்பட நம்மாளுங்க பூரா அங்க இருந்தாங்க. "என்னடா இந்த ஸ்டேடியம் இவ்ளோ பாழடைஞ்சு கிடக்கு"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. மேளம் அடிச்ச ரைட் ஃபீல்டு இருக்கைகளைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

பெரியவர் இப்போ மேற்கு ஓக்லாந்துல ரைமண்டி பார்க்குக்குப் போறார். அத்லெட்டிக்ஸ் போறாங்கன்னு தெரிஞ்சதும் உள்ளூர் ஆளுங்க ரெண்டு பேர் ஓக்லாந்து பாலர்ஸ்னு ஒரு சின்ன டீம் ஆரம்பிச்சாங்க. பயனீர் லீக், மேஜர் லீக்கோட எந்த டீமுக்கும் கீழ வராதது. ரசிகர்களுக்கும் கொஞ்சம் பங்கு வித்தாங்க. 2025ல சாம்பியனும் ஆயிட்டாங்க. ஆட்டத்தரம் அந்த அளவுக்கு இல்லை, உண்மையைச் சொல்லணும். ரெண்டு மூணு தடவை நானும் போனேன். அதே மேளம், அதே பென்சில்.

சாக்ரமென்டோ போனியான்னு கேட்பீங்க. போகலை. ரயில்ல ஏறினா ரெண்டு மணி நேரம், 14,000 பேர் கொள்ளுற கீழ் லீக் மைதானம். அங்க முதல் மேட்ச்லயே கப்ஸ்கிட்ட 18-3ன்னு வாங்கினாங்க, அன்னிக்கு ஒரு அல்ப சந்தோஷம். பிரச்சினை என்னன்னா, போன்ல அந்த ஆப்பை இன்னும் அழிக்கலை. பசங்க என்ன தப்புப் பண்ணினாங்க? 2025 ஜூலை 25 ராத்திரி ஹூஸ்டன்ல நிக் கர்ட்ஸ்னு முதல் வருஷப் பையன் ஆறு தடவை அடிக்க வந்து ஆறும் ஹிட், அதுல நாலு ஹோம் ரன். முதல் சீசன் ஆடுற எவனும் அதுவரைக்கும் ஒரே மேட்ச்ல நாலு அடிச்சதில்லை. மூணாவதுக்கே நான் சோபாவுல இருந்து எழுந்து நின்னுட்டேன். ரூம்மேட், "உன்னை விட்டுட்டு ஓடின டீமுக்காடா இவ்ளோ சத்தம்?"னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டான்.

நாலாவது போனதும் பெரியவர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ். டீமோட பேரையே எடுக்கக் கூடாதுன்னு எனக்குச் சட்டம் போட்ட மனுஷன்.

"நாலும் பார்த்தியா?"